வேலிக்குள் போன வண்டிப்பாதை

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் பனி. ஆறே காலுக்குக் கிளம்பினேன். செயின் கரகர. எண்ணெய் போட வேண்டும்.

கொத்தமங்கலம் பக்கத்துச் சைக்கிள் வழி போன மாதமே வரைந்து முடிந்தது. இது இரண்டாவது. காரும் லாரியும் இல்லாத சுற்று. விடியக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் வீடு. வரைபடத்தில் எழுத வேண்டியவை:

– அரியக்குடி தாண்டி கண்மாய்க் கரை. மாடுகள் வரும். மாடு ஹாரன் அடிக்காது.
– கருப்பர் கோயில் முன்னால் இறங்கி, செருப்பைக் கழற்றி, தள்ளிக்கொண்டு போக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குக் கொட்டை எழுத்தில்.
– மணிமுத்தாற்றுக் கரை. மணல். பாதி தூரம் தள்ளல்தான். தண்ணீர் இருந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்த துண்டு, வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவே போகும் பழைய வண்டிப்பாதை. அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. போய்ப் பார்த்தால் சோலார் கம்பி வேலி, கொய்யாத் தோப்பு, மண்டை ஓடு போட்ட போர்டு. பாதை வேலிக்கு உள்ளே கிடக்கிறது. வண்டித்தடம்கூடத் தெரிகிறது.

இது இல்லையென்றால் ஹைவேயில் ஒன்றரைக் கிலோமீட்டர். மார்ச் ஒன்றாம் தேதி பதினோரு பெண்கள் வருகிறோம். அதில் தையல்கடை ரஹ்மத் ஒருத்தி. எட்டு மாதத்துக்கு முன்னால் கார் தட்டி முழங்கை முறிந்தவள். எல்லோரும் சைக்கிளை விடச் சொன்னார்கள். "ரோட்ட விட்டுட்டாப் போச்சு, சைக்கிள எதுக்குக்கா விடணும்?" என்றாள். இந்த வழி வரைகிற வேலையே அந்தப் பேச்சில் ஆரம்பித்ததுதான். அவளை மறுபடி லாரிக்கு நடுவில் ஓட்டவிட மாட்டேன்.

இவர்: "அறுவத்திரெண்டு வயசுல ஒனக்கு இது தேவையா?" தேவைதான்.

பிப்ரவரி 19, வியாழன்

வானம் மூடாக்கு. பால் அரை லிட்டர் கூடுதல், கொழுந்தனார் வருகிறார்.

தோப்புக்காரர் பெயர் ராஜாங்கம். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல். சேர் போட்டு, கொய்யா அறுத்து, மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார்.

"இது வண்டிப்பாதைப் புறம்போக்குங்க. முப்பத்தொரு வருசம் சர்வேயரா இருந்தவ சொல்றேன்" என்றேன்.

"சர்வேயரா இருந்தீகளா? அப்ப ரொம்பச் சவுரியமாப் போச்சு. ஒங்களுக்கே வெளங்கும், பாருங்க. எனக்கு வித்தவுக குடுத்தது."

லேமினேட் செய்த வரைபடம். பாதை என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. தோப்பின் எல்லை நேராகக் கண்மாய் வரை. அடியில் அளந்தவர் கையெழுத்து.

என் கையெழுத்து.

கையிலிருந்த கொய்யாத் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தேன். அது யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வாரேங்க என்று எழுந்து வந்துவிட்டேன். சொல்லாமல் வந்தது அசிங்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

காலை முழுக்கக் கரண்ட் இல்லை. சட்னி இல்லாமல் இட்லி, பொடிதான்.

இவரிடம் சொன்னேன். "அந்தாளுக்குத் தெரியாதுல்ல? அப்பறமென்ன, கம்முனு இரு. பென்சனுக்கு வேட்டு வச்சுக்காத." தபால் ஆபீஸ் வேலையில் முத்திரை குத்தின மாதிரியே நாள் முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சாயந்திரம் கத்திவிட்டேன். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

எப்படி விட்டேன் என்று ஞாபகமே வரவில்லை. எத்தனையோ நூறு புலம் அளந்தாயிற்று. "அந்தம்மா அளந்தா மறு அளவை கெடையாது" என்று ஆபீஸில் சொல்வார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கும். இல்லையென்று பொய் சொல்வானேன்.

நான் அளந்ததற்கு முன்காலத்து வரைபடத்துக்கு நகல் கேட்டு சர்வே ஆபீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 22, ஞாயிறு

நல்ல வெயில். ரஹ்மத்தும் நானும் வேலிக்கு வெளியே, கண்மாய் ஓரமாக, தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தோம். தண்ணீர் வற்றி வருகிறது. சேறு கணுக்காலுக்கு மேல், போகப் போக இன்னும் ஆழம்.

உள்ளே களை வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து என்னையே பார்த்தாள். பெயர் பஞ்சவர்ணம். அந்த ஊர்தான், தோப்பில் கூலி.

"நீக சர்வேயரம்மால்ல? கொடை புடிச்சுக்கிட்டு வந்தீகளே. நாந்தான செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தேன்."

எனக்கு நினைவில்லாதது அவளுக்கு அப்படியே இருக்கிறது. "கம்மா காஞ்சு கெடந்த வருசம். கல்லக் காணோம்னு தேடுனீக. இந்தப் பனைதான் எல்லைன்னு நெலத்துக்காரவுக காட்டுனாக, நீகளும் சரின்னு அதுலருந்தே சங்கிலியப் புடிச்சீக. நெசமான எல்லைப் பனைய அதுக்கு மொத வருசமே வெட்டிட்டாக, ஓட்டு வீட்டுக்குச் சட்டம் போட. நீக புடிச்சது பாதைக்கு அங்குட்டு நின்ன பனை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னைய யாரு கேட்டா?"

ரஹ்மத் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல் காணவில்லையென்றால் முச்சந்திக் கல்லுக்குப் போக வேண்டும். மூன்று ஊர் எல்லை கூடும் இடத்தில் நட்ட கல், அதிலிருந்து அளந்து வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். அன்றைக்கு வெயில், கல் தூரம், கையருகே பனை. சோம்பேறித்தனம். இதற்கு வேறு பெயர் கிடையாது.

பிப்ரவரி 25, புதன்

நகல் வந்துவிட்டது. அதில் பாதை இருக்கிறது! இரட்டைக் கோடு, பளிச்சென்று.

முச்சந்திக் கல்லிலிருந்து டேப் பிடித்தோம், ரஹ்மத் அந்த முனை, நான் இந்த முனை. அவளுக்குக் கை முழுதாக நீளாது, இடது கையில் பிடித்தாள். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அந்தக் காணாத எல்லைக் கல் இருக்க வேண்டிய இடம் வேலிக்கு உள்ளே, நாலைந்து எட்டில்.

உள்ளே எப்படிப் போவது? பஞ்சவர்ணம் மண்வெட்டியோடு நின்றாள். "எனக்கென்ன வேலி? நான் உள்ளதான நிக்கிறேன்."

வெளியிலிருந்து கை காட்டினேன். இங்குட்டு. இன்னும் ஒரு சாண். இல்லை, அங்குட்டு. முழங்கை ஆழத்தில் மண்வெட்டி கல்லில் இடித்தது. வண்டலைத் துடைத்துவிட்டு, "மேல அம்புக்குறி போட்டுருக்கும்மா" என்றாள். சர்வே கல்லுக்கு அதுதான் அடையாளம்.

போட்டோ எடுத்துக்கொண்டோம். ராஜாங்கம் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "நிறுத்தட்டும். நாத்து நடக் கூப்புடாமலா போயிருவாக" என்று மண்ணைத் தள்ளி மூடினாள். என் பென்சன் கவலை அவள் முன்னால் நிற்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

பாதையைத் திரும்ப வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி மனு, என் பிழையோடு சேர்த்து நாலு பக்கம். இவர் படித்துப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்தினார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா, நானும் வாரேன்" என்றார். ஆட்டோவில் போனோம்.

சர்வே ஆபீஸில் எனக்குப் பிறகு வந்த பையன், நான் வேலை சொல்லிக்கொடுத்தவன், இன்று அவனுக்கே நரை. படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மேடம், எதுக்கு இவ்வளவு? கல் காணாமப் போனதால வந்த பிழைன்னு எழுதிக்கலாம். ஒங்க மேல வராது."

"கல் காணாமப் போகல. நான் ஒழுங்காத் தேடல."

"பேரு கெட்டுப் போகும் மேடம்."

"கெடட்டும். நாஞ் சம்பாதிச்ச பேருதான."

அளவையரின் கவனக்குறைவு என்று எழுதினான். பெயரையும் எழுதச் சொன்னேன். தயங்கினான். தாளை வாங்கி நானே எழுதினேன்: அ. வசந்தகோகிலம். நகலை ராஜாங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. தபால் ஆபீஸ் வரிசையில் இவர் நின்றார்.

உத்தரவு வர மாதக்கணக்காகலாம். அதுவரை வேலி அப்படியேதான்.

மார்ச் 1, ஞாயிறு

பனி லேசாக. பதினோரு பேரும் சேர்ந்துவிட்டோம். ஒருத்திக்குப் பஞ்சர், இருபது நிமிடம் போயிற்று. கருப்பர் கோயில் முன்னால் வரிசையாகச் செருப்பைக் கையில் பிடித்துத் தள்ளினோம்.

வேலியில் ராஜாங்கம் நின்றார், கையில் தபால். பஞ்சவர்ணத்தைக் காணோம். கல்லைத் தோண்டின மறுநாள், வியாழக்கிழமையே நிறுத்திவிட்டாராம். வரும் வழியில் அடுத்த வயலில் அவளைப் பார்த்திருந்தோம். கையை அசைத்தாள்.

ரஹ்மத் கேட்டாள், "ஹைவேல போயிரலாமாக்கா? எனக்குப் பயமில்ல." பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்றேன். வேலிக்கு வெளியே கண்மாய்ச் சேறு, அது யார் பட்டாவும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பின்னால் பத்துப் பேரும்.

ராஜாங்கம் கம்பிக்கு அந்தப் பக்கமாகக் கூடவே நடந்து வந்தார். "போட்ட கையெழுத்தத் தப்புன்னு நீகளே எழுதிக் குடுத்துருக்கீக. ஒங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு" என்றேன். "அதுக்காக இவ லாரிக்கு நடுவுல போகணுமா?"

அவர் நின்றுவிட்டார். நான் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தேன். சேறு முழங்கால் வரை. அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.