பெடல் மேல் செங்கல்

பாகூர்
4.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொல்லாமல் பெடல் பெட்டிக்குள் கடிதம் வைக்கிறேன். என் போன் எப்போதும் சரண்யா கையில். கட்டினவளிடமே மறைக்கிறானே என்று திட்டாதே.

கிடார் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நான் காலால் மிதிக்கும் வா-வால்யூம் பெடல் கெட்டுவிட்டது. பாதி மிதித்து நிறுத்தினால் சத்தம் நிற்காமல் ஏறி இறங்குகிறது. நேற்றுக் கச்சேரியில் பாடகி கல்பனா மைக்கை மூடிக்கொண்டு, "இன்னாண்ணா, சவுண்டு இப்டி ஆடுது?" என்று கேட்டாள். கீபோர்டிலேயே கிடாரையும் வாசித்துவிடலாம் என்று குழுவில் ஏற்கெனவே பேச்சு. இன்னொரு முறை இப்படி ஆனால் என்னை நிறுத்திவிடுவார்கள். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். சீக்கிரம் பார்த்துக் கொடு.

உன் தம்பி
தேவேந்திரன்


வில்லியனூர்
8.2.2024

அன்புத் தம்பி தேவாவுக்கு,

அக்காவை நினைக்க உனக்கு ஒரு பெடல் கெட வேண்டியிருக்கிறது. இருக்கட்டும்.

நானும் உன் மாமாவும் எங்கள் ரிப்பேர் கடையில் வைத்துத் திறந்து பார்த்தோம். பயப்படும்படி ஒன்றுமில்லை. நீ மிதிக்கும்போது ஒரு பல் பட்டை சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் வால்யூம் கன்ட்ரோலைச் சுற்றுகிறது. ரேடியோவில் கையால் திருகுவோமே, அதே சாமான்தான். குதிகாலை அழுத்தினால் கிடாரின் சிக்னல் முழுவதும் எர்த்துக்குப் போய்விடும், சத்தம் இருக்காது. விரல் பக்கம் அழுத்த அழுத்த ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பங்கு கூடும். 'வா வா' என்று கிடாரை இழுக்க வைக்கும் பக்கம் வேறு. அங்கே ஒரு கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து சத்தத்தில் ஒரு பகுதியை மட்டும் தூக்கிக் காட்டும். கால் அசைய அசைய அந்தப் பகுதி கீழிருந்து மேலே நகரும். அதனால்தான் குழந்தை வாயைத் திறந்து மூடுகிற மாதிரி கேட்கிறது.

கன்ட்ரோலுக்குள் தூசி சேர்ந்து கரகரத்தது. புதிது மாற்றியாயிற்று. சரண்யாவைக் கேட்டதாகச் சொல். சொல்ல முடியாதே, சரி விடு.

அக்கா
ஜெயசுதா


பாகூர்
19.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கரகரப்பு போய்விட்டது, ஆட்டம் போகவில்லை. முன்னைவிட மோசம். நேற்றுக் கிருமாம்பாக்கத்தில் ஒரு பாட்டின் கடைசி மெதுவாக மங்கி முடிய வேண்டும். நடுங்கி நடுங்கி முடிந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

உள்ளே வேறு வயர் ஏதாவது விட்டிருக்கும், நன்றாகப் பார். கோளாறு பெடலில்தான் என்று ஒரு வரி எழுது, போதும்.

தேவா


வில்லியனூர்
24.2.2024

அன்புத் தம்பிக்கு,

அந்தக் கன்ட்ரோலையே எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் வேலை செய்கிற மாதிரி மாற்றியாயிற்று. ஒரு சின்ன எல்.ஈ.டி., அதற்கு எதிரே வெளிச்சம் பட்டால் சிக்னலை அதிகம் விடுகிற ஒரு ரெசிஸ்டர், நடுவில் ஒரு தகடு. நீ மிதித்தால் தகடு விலகும். இனி உரசித் தேய அதில் ஒன்றுமில்லை.

பிறகு பெடலைப் பாதியில் நிறுத்தி, அடியில் கட்டை கொடுத்து, மேலே செங்கல் வைத்தேன். காலையிலிருந்து மதியம் வரை ஒரே சத்தத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். மீட்டர் முள் அசையவில்லை. தேவா, கோளாறு பெடலில் இல்லை.

வீட்டில் யாரும் இல்லாதபோது இடது காலால் மிதித்துப் பார். என்ன கேட்கிறது என்று எழுது. அப்பாவுக்குக் கை ஆட ஆரம்பித்தபோது, டீ கிளாஸ் சரியில்லை என்று நாம் மூன்று கிளாஸ் மாற்றினோம்.

அக்கா


பாகூர்
1.3.2024

அக்கா,

இடது காலால் மிதித்தேன். சத்தம் ஆடவில்லை. வலது காலை வைத்தேன், ஆடியது. மறுபடி இடது, மறுபடி வலது. எத்தனை தடவை என்று தெரியவில்லை. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். டிவி பார்க்கும்போது சரண்யா போன மாதமே கேட்டாள், "காலு இன்னாத்துக்கு சும்மா ஆடிக்கினே கீது?" கொசு என்று சொன்னேன். அப்பா கடைசி வருடம் சாப்பாட்டுக்கு முன்னால் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொள்வாரே, அது கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு நாற்பத்து நாலுதான் ஆகிறது.

உன் மேல் கோபம் வந்தது. ஏதாவது தப்பு கண்டுபிடிக்க வேண்டும் என்றே பெடலின் அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே வயர்களை ஈயம் உருக்கி ஒட்டியிருக்கும் சால்டரிங் உன்னுடையது இல்லை. நீ வைத்தால் ஒவ்வொன்றும் சின்னதாக, பளபளப்பாக இருக்கும். இது வழிந்திருக்கிறது, பக்கத்து வயர் கருகியிருக்கிறது. சால்டரிங் அயர்னைத் தொட நீ யாரையும் விடமாட்டாயே. உனக்கு என்ன ஆச்சு?

தேவா


வில்லியனூர்
4.3.2024

தேவா,

உன் மாமா செய்தார். எங்கே வைப்பது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். பாவம், விரலைச் சுட்டுக்கொண்டார். தீபாவளியிலிருந்து என்னால் அயர்னை நேராகப் பிடிக்க முடியவில்லை. பார்வை மங்கல் என்று நினைத்துக் கண்ணாடி மாற்றினேன். அப்புறம் அயர்னை மாற்றினேன். அதற்கப்புறம்தான் கையைப் பார்த்தேன்.

அரியூர் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வாசலோடு திரும்பிவிட்டேன். உள்ளே போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்களே என்று பயம். உன்னை மட்டும் மிதித்துப் பார்க்கச் சொன்ன தைரியசாலி நான். உன்னிடம் முன்பே சொல்லியிருந்தால், அன்றிலிருந்து நீ உன் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே இருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

இது அப்பாவுக்கு வந்ததுதானா என்று தெரியாது. எல்லா நடுக்கமும் அது இல்லை, இப்போது மாத்திரையும் வந்துவிட்டது என்கிறார் உன் மாமா. ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது, தம்பி. காலையில் ரவிக்கைக் கொக்கி மாட்டி முடிக்கும்வரை தினமும் பயம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அரியூர் வாசலில் நிற்பேன். சரண்யாவிடம் சொல்லிவிட்டு, அவளையும் கூட்டி வா. நான் திரும்பிப் போகப் பார்த்தால் கையைப் பிடித்து உள்ளே இழு. ஆடுகிற கையையே பிடி, பரவாயில்லை.

உன் அக்கா
ஜெயசுதா