பார்க்காமல் விட்ட குகைகள்

நவம்பர் 14, வெள்ளி இரவு

இவ்வளவு நாள் வாய்திறக்காமல் இருந்தது போதும். ஆஸ்திரேலியாவின் உட்பாலைநிலத்துக்கு நானும் நண்பன் செல்வமும் போவதாக ஐந்து வருடம் பேசினோம். மாலையில் சிவக்கும் பாறை, பள்ளத்தாக்கின் சுனை, ஆதிக்குடிகள் ஓவியம் தீட்டிய குகைகள் என்று வழி முழுவதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளோடு அவன் என்னை விட்டுவிட்டுத் தன் மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்வந்துவிட்டான். இன்று கோவில் மண்டபத்தில் எல்லோருக்கும் படம் காட்டினான். குகைகளைக் காணவில்லை.

“குகைக்குப் போகேல்லையோ?” என்று கேட்டேன்.

“கனதூரம் நடக்கவேணும் அண்ணை. மருமகனுக்குக் கால் நோ. நீங்கள் ஒருக்கா போய்ப் பாருங்கோவன்.”

“ஆரோட?”

செல்வம் சிரித்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டான்.

நான் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜுக்குத் தனியாக பஸ்ஸில் திரும்பினேன். வந்ததும் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ‘குகைகளைப் பார்க்காதவன் அந்த நிலத்தைப் பார்க்கவில்லை. அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன.’ பெயர் போடவில்லை. காலையில் தபாலில் போடுவேன். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.