ராக்காயி அக்கா கூப்பிடும் பெயர்

நோட்டன் பிரிட்ஜ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தக்ஷிகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சாப்பிடுகிறேன், தேயிலை பெக்டரிக்குப் போகிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. மட்டக்களப்பு வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். புது வீட்டு வேலை எந்த மட்டில் என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் நடக்குது நடக்குது என்று சொல்லி வைத்துவிடுகிறேன். உண்மை வாயில் வரவில்லை. அதனால்தான் உன்னோடு படிக்க கெம்பஸுக்குத் திரும்பும் நிலக்ஷியின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீடு இல்லை மகள். அத்திவாரம் வெட்டிய ஏழு பேர்ச் நிலத்தில் இனி ஒரு கல்லும் வைக்கக்கூடாது என்று மண்சரிவு பார்க்க வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைத் திட்ட முடியாது, போன மழைக்குப் பிறகு நானே லெவல் வைத்துப் பார்த்தேன், மேல்பக்கம் வெடித்து ஒரு சாண் இறங்கியிருக்கிறது. வேறு இடம் தருவார்களாம், எப்போது என்று தோட்டத்துத் துரைக்கும் தெரியாது. எந்தச் சுவரில் எந்த சுவிட்ச் என்று அம்மா பென்சிலால் புள்ளி வைத்த அந்தப் படத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை, அப்படித்தான் அம்மாவைக் குளவி கொட்டிய நாளிலிருந்து ஒன்பது மாதமாக இருக்கிறேன். எங்காவது போய்விடலாம் என்றால் வேலையை விட்ட அன்றே தோட்டம் தந்த இந்த லயத்துக் காம்பராவையும் விட வேண்டும், பிறகு லீவுக்கு நீ வந்து இறங்க ஒரு கதவு இருக்காது. இங்கேதான் கிடக்க வேண்டும்.

அந்த வீட்டுக்கு நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. நம் காம்பராவுக்கும் ராக்காயி அக்காவின் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். விடிய லயத்துக்கெல்லாம் பொதுவான பீலியில் தண்ணீர் விடுவது ஒரு மணித்தியாலம்தான், அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் தட்டி அம்மாவைக் கூப்பிடுவது அவருக்கு இருபது வருடப் பழக்கம். அம்மா போன பிறகும் அது நிற்கவில்லை. தினமும் தட்டி, யோகு, தண்ணி வந்துருச்சி, எந்திரி என்பார். வாய் மறந்து சொல்கிறது என்று பொறுத்துக்கொண்டு கிடப்பேன். நாலு பக்கமும் முழுச் சுவர் உள்ள ஒரு வீட்டுக்குப் போனால் இந்தச் சத்தம் இருக்காது என்றுதான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கல் வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்த மறுநாளும் அவர் கூப்பிட்டார். எழும்பி நின்று சுவருக்கு மேலால் கத்திவிட்டேன், அக்கா, அவ இல்ல, செத்துப்போயிட்டா, வாய மூடிக்கிட்டு இருங்க என்று. லயமே கேட்டது.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நான் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும் அல்லவா, அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும், படுத்துக்கொண்டு காத்திருப்பேன், எதற்குக் காத்திருக்கிறேன் என்று தெரியாது, தண்ணீரும் நின்றுவிடும். மூன்று நாள் குளிக்காமல் வேலைக்குப் போனேன். நாலாம் நாள் வேலை விட்டு வந்தால் வாசலில் இரண்டு வாளி நிறைய தண்ணீர், மேலே தட்டுப் போட்டு மூடி. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். அக்கா ரொட்டிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நீங்க மறந்து சொல்றீங்கன்னு தெரியும்க்கா, நாந்தான் கோவத்துல என்று இழுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, மொத ஒரு வாரந்தான் தம்பி மறதி, அப்பறம் தெரிஞ்சேதான் கூப்புட்டேன், அவ பேர இந்த லயத்துல ஒருத்தியாவது சொல்ல வேணாமா, நீயுந்தான் சொல்றதில்லயே என்றார்.

அவர் சொன்னது உண்மை மகள். உன்னிடம் அம்மா என்கிறேன், மற்றவர்களிடம் அவ என்கிறேன், கச்சேரி ஆபிசில் கேட்டபோதுகூட மரணச் சான்றிதழை நீட்டினேனே தவிர பெயரைச் சொல்லவில்லை. அங்கேயே அவர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன், செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. அக்கா துருவிக்கொண்டே இருந்தார், நான் அடங்கிய பிறகு, பக்கத்துல ஒரு எலக்ட்ரீசியன் இருந்து என்னா புண்ணியம், என் பல்பு ஒரு மாசமா மினுக்கிக்கிட்டு கெடக்கு என்றார். ஹோல்டரைக் கழற்றிச் சரி செய்துகொடுத்தேன், இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார், சாப்பிட்டபோது உறைப்பு தெரிந்தது. கிளம்பும்போது, நாளைக்குக் கூப்பிடுங்கக்கா என்றேன்.

இப்போது கூப்பிடுகிறார். கேட்டுச்சுக்கா என்று சொல்லிவிட்டு நான் வாளியை எடுக்கிறேன். இந்த லயம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை, தகரம் ஒழுகுகிறது, வேறு வழி வந்தால் போகத்தான் பார்ப்பேன். ஆனால் வந்தே தீரும் என்று இனி உனக்குச் சொல்லமாட்டேன். இதையெல்லாம் எழுதியது ஏனென்றால், லீவுக்கு வரும்போது விடிய அந்தச் சத்தம் உனக்கும் கேட்கும், திடுக்கிட்டு எழும்பிவிடாதே. கேட்கப் பிடிக்கவில்லை என்றால் சொல், நீ இருக்கும் நாளில் வேண்டாம் என்று அக்காவிடம் நான் சொல்கிறேன். எனக்காகப் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் பேசாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பரீட்சை முடிந்ததும் பஸ் ஏறும் முன் ஒரு போன் கோல் எடு, ஹட்டனுக்கு வந்து நிற்பேன்.

நூறு வயது நன்றாக இரு. என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, உன் அம்மா யோகேஸ்வரியின் ஆசீர்வாதமும் உண்டு. யோகேஸ்வரி. எழுத வருகிறது மகள்.

உன் அப்பா,
லெட்சுமணன்