ஸ்கேனில் கிடைத்த டபுள் அளவு

அன்பு மகள் தாரிணிக்கு, துபாய் அல் குசைஸிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் சிறுநீரகக் கல்லும் இருந்த இடத்திலேயே சௌக்கியம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய் என்றுதான் எழுதுகிறேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நீ ஸ்கேன் எடுக்கிறவள், வாஸ்தவம், அதற்காகப் பெற்ற அப்பனை அப்படியா திட்டுவது? ஸ்கேன் சீட்டில் என் கதிர்வீச்சு அளவு, நீ அனுப்பிய ஒப்பீட்டு அளவைப் போல இரண்டு மடங்கு என்று பார்த்ததும், முப்பது கிலோவுக்கு மேல் இருந்தும் ஏர்போர்ட் கவுண்டரில் கூடுதல் காசு கேட்காமல் பெட்டியை ஏற்றிவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். ஒரே இன்ஷூரன்ஸில் டபுள் வாங்கிவிட்டேன் என்று ஷார்ஜா வொர்க்‌ஷாப் முழுக்கச் சீட்டைக் காட்டியதும் உண்மைதான்.

நீ விளக்கிய பிறகுதான் உறைத்தது, அது நமக்குத் தருகிற அலவன்ஸ் இல்லை, இந்த ஸ்கேனுக்குப் பல ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக எவ்வளவு ஆகிறது என்று பார்த்து வைத்த அளவு, தாண்டினால் ஏன் என்று தேட வேண்டும் என்று. ஒருத்தர் சீட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முப்பது பேருடையதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாய். அதற்குள் என் பெருமையைக் கேட்ட எங்கள் வெல்டர் உடையப்பன், அவனுக்கும் கல், அதே கிளினிக்கில் வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டான். நாற்பத்தெட்டு கிலோ ஆள். அந்த உடம்புக்கும் இதே டபுளைக் கொடுத்துவிடுவார்களே. புதன்கிழமை லீவு போட்டு ஓடினேன். அங்கே ஸ்கேன் எடுக்கிற ஹஃபீஸா காயல்பட்டினத்துப் பெண், மரியாதையாக அங்கிள் என்று கூப்பிடும், அதனிடம் எப்படிக் குறை சொல்வது? அரை மணி நேரம் வெயிலைப் பற்றியே பேசினேன். கடைசியில் சொன்னதும் முகம் சுளிக்காமல் முப்பது பேர் அளவை எடுத்துப் பார்த்தது. எல்லாமே கூடுதல். எப்போதோ நூற்று முப்பது கிலோ ஆள் ஒருவருக்காக மாற்றிய செட்டிங் அப்படியே எல்லோருக்கும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யா அல்லாஹ், மூணு மாசமா யாருமே கவனிக்கலையே அங்கிள் என்று தலையில் கை வைத்தது. டாக்டரையும் இன்ஜினியரையும் வரவழைத்து அன்றைக்கே சரிசெய்தார்கள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒல்லிப் பையன்கள், அவர்கள் சீட்டைப் படித்துத் திட்ட ஒரு மகள் இல்லையே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

உடையப்பனுக்கு என்னுடையதில் பாதிக்கும் குறைவுதான் ஆனது, கல்லும் தெளிவாகத் தெரிந்ததாம். அவனோ சீட்டோடு நேராக என்னிடம் வந்து, சூப்பர்வைசருன்னா டபுளு, வெல்டருன்னா பாதியாண்ணே என்று கேட்டுவிட்டு இன்றுவரை பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும், எனக்கு அவ்வளவு நிம்மதி.

உன்னிடம் ஸ்கேனுக்கு வந்து படுக்கிற அத்தனை பேரும் நன்றாக இருக்கட்டும், அந்தப் புண்ணியத்தில் நீ நூறு வயது இரு. பாரமாக இருக்கிறது என்று கதிர் படாமல் போடுகிற அந்த ஈயக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்காதே அம்மா.

உன் அப்பா,
பாஸ்கர்