ஏரிக்கரையில் நட்ட பலகை

மார்ச் 3
ஏரிக்கரையில் எங்கள் டீக்கடைக்கு எதிரே சுற்றுலா அலுவலகத்தார் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். மேலே குப்பைக் குவியலின் படம். கீழே, ‘இங்கு வரும் பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் குப்பையை வீசிவிட்டுப் போகிறார்கள். வெட்கம்.’ மாதக் கடைசிக்குள் கரை சுத்தமாகாவிட்டால் அடைத்துவிடுவார்களாம். கரையை அடைத்தால் எங்களுக்குக் கடை ஏது?

மார்ச் 6
காலி பாட்டிலோடு ஒருவர் குப்பைத்தொட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளித்தான் தொட்டி. அதற்குள் பலகை கண்ணில் பட்டது. “எல்லாரும் இங்கயேதான் போடுறாங்க போல” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அதன் காலடியிலேயே பாட்டிலை வைத்துவிட்டு நடந்தார். நல்ல மனுஷன்தான். கெடுத்தது யார்?

மார்ச் 9
பலகை வைக்கச் சொன்ன அதிகாரி டீ குடிக்க வந்தார். அவரிடமே கேட்டுவிட்டேன். “ஊரே போடுதுன்னு எழுதி வச்சா, நாம மட்டும் என்ன யோக்கியமான்னுதானே சார் தோணும்?” செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “நீங்க டீயப் பாருங்கம்மா” என்றார்.
பார்க்கிறேன். டீயையும் பார்க்கிறேன், இவர்கள் லட்சணத்தையும் பார்க்கிறேன். ஒன்பது பேர் என்று எண்ணினது எந்த மகராசன்?

மார்ச் 10
குப்பை இரண்டு மடங்கு. வாரி வாரி இடுப்பு போச்சு.

மார்ச் 12
துவைத்த போர்வையைக் கொண்டுபோய்ப் பலகைமேல் காயப்போட்டேன். “வம்ப வெலைக்கு வாங்குறியே” என்றார் என் வீட்டுக்காரர். துணி காயப்போடுவது எந்தச் சட்டத்தில் குற்றம்?

மார்ச் 19
தினமும் போர்வை காய்கிறது. விடிந்ததும் கரையை நாங்களே பெருக்கிவிடுகிறோம். இன்று ஒரு குடும்பம், சாப்பிட்ட தட்டுகளைப் பையில் கட்டித் தொட்டியில் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எழும்போது அவர்களும் குனிந்து பொறுக்கினார்கள். யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவுதானே விஷயம். இதற்கா அத்தனை வசவு?

மார்ச் 31
அதிகாரி வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் போர்வையை உருவிவிட்டார். கரை முழுக்க நடந்து பார்த்தார் அதிகாரி. ஒரு காகிதம் இல்லை. கரையை அடைக்கப்போவதில்லையாம். கடை தப்பித்தது.
பலகையைத் தட்டிக்கொடுத்து, “பாத்தீங்களாம்மா, சுருக்குன்னு எழுதினாத்தான் ஜனங்களுக்கு உறைக்கும்” என்றார். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். டீயை ஆற்றிக் கொடுத்தேன்.
இது இவ்வளவு நன்றாக வேலை செய்வதால், அடுத்த வாரம் கரை நெடுக இன்னும் நான்கு பலகை வைக்கப்போகிறார்களாம். வீட்டில் இருப்பதே மூன்று போர்வை.