கீரிமலைக்குப் போக முடியாத நான் மெக்சிக்கோ போய் வந்தேன்

இஞ்சாரும்,

கலியாணம் கட்டின நாள் தொடக்கம் உம்மை இப்படித்தான் கூப்பிட்டேன். மற்ற ஆக்கள் ஆருயிரே, அன்பே என்றெல்லாம் போடுவார்களாம். எனக்கு அது வராது. எழுத்தும் வராது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இஞ்சை பாரிசில், ரூ காய் தெருவில் கடை வைத்திருக்கிற மனோகரன் எழுதுகிறான். உம்முடைய ஆண்டு நினைவு மலரில் போடப்போகிறார்களாம், லா சப்பல் தமிழ்ச்சனம் முழுக்க வாசிக்குமாம். வாசிக்கட்டும். எனக்கு உம்மோடு கோபம். அதை ஒளிக்கிறதுக்கு இல்லை.

உம்முடைய சாம்பல் இன்னும் இஞ்சைதான் இருக்கிறது. எரித்த இடத்தில் ஒரு வருசம் வைத்திருப்பார்கள், அதற்குள் நாங்கள் ஒரு முடிவு சொல்ல வேணும். ஆஸ்பத்திரியில் என்ர கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்? "கீரிமலைக் கடலிலை நீங்கள்தான் என்னைக் கரைக்கவேணும். வேற ஒருத்தரும் வேண்டாம்" என்று சொன்னீர். நானும் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

என்ன துணிவில் ஆட்டினேனோ தெரியாது. நீர் படித்தனீர், பரீட்சை எழுதி பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தனீர். கையெழுத்துக்குப் பெருவிரல் நீட்டுகிற நான் இன்றைக்கும் அகதிதான். என்னுடைய பயணப் புத்தகத்தில் என்ன அடித்திருக்கிறது என்று நீர்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர். உலகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், ஸ்ரீலங்காவைத் தவிர.

அதற்காக நான் ஏறாத படி இல்லை. அகதி அட்டை தருகிற பிரெபெக்சர் கந்தோரில் வரிசையில் நின்றேன். வக்கீலிட்டைப் போனேன். ஒரே ஒருக்கால், ஒரு கிழமைக்கு விடுங்கோ என்று கேட்டேன். போகலாமாம், ஆனால் அகதி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவேணுமாம். பிறகு திரும்பி வாறதுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். எங்கட பிள்ளை நிலானி, தான் போகிறேன் என்றாள். பெம்பிளைப் பிள்ளை எப்படிக் கரைக்கிறது என்று ஐயர் ஒரு பக்கம், சொந்தக்காரர் ஒரு பக்கம். நானும் அவர்களோடுதான் நின்றேன். நீர் கேட்டது என்னிடமல்லவோ?

இப்படி இழுபட்டுக்கொண்டிருக்கத்தான் நிலானி ஒரு நாள் வந்து சொன்னாள்.

"அப்பா, அம்மாவும் நானும் ஒரு பயணத்துக்குப் பிளான் போட்டிருந்தனாங்கள். அந்த லீவு அப்பிடியே கிடக்கு. அம்மாவுக்குப் பதிலா நீங்கள் வாங்கோ."

"எங்கை?"

"மெக்சிக்கோ. மாயன் ஆக்கள் கட்டின கோபுரங்கள், ஸ்பானியக்காரன் கட்டின பழைய ரவுண்கள், கடற்கரை. அம்மாவுக்குச் சரியான ஆசை. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. சத்தியமாய்த் தெரியாது. ரெலிவிசனில் அந்தக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பீர். நித்திரை தூங்கிறீர் என்று நினைத்து நான் நிப்பாட்டிவிடுவேன். ஒரு நாளாவது வாய் திறந்து, நிப்பாட்டாதேங்கோ என்று சொன்னீரோ?

போக எனக்கு விருப்பமில்லை. "அந்தப் புத்தகம் விடுற இடத்துக்காவது ஒருக்கால் போய்ப் பாருங்கோவன்" என்று பிள்ளை சொன்னாள். அந்தச் சொல்லில் எனக்குச் சுட்டது. விசாவும் அவளே ஓடித்திரிந்து எடுக்க, வெளிக்கிட்டேன்.

பெட்டி கொண்டு வரக்கூடாதாம். ஆளுக்கொரு முதுகுப்பையாம். எனக்கென்று ஒன்று வாங்கி வந்து தோளில் மாட்டி இறுக்கிவிட்டாள்.

"ஏன் பிள்ளை, எங்களை ஆரும் கலைக்கிறாங்களோ?"

"ஐயோ அப்பா, இது பம்பலுக்கு, சும்மா சந்தோசத்துக்கு."

பம்பலுக்காம்! பையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள்ளால் எல்லை கடந்து வந்தவன் நான். இந்தச் சனம் காசு கொடுத்துச் சுமக்குது. தங்கிற இடம் அதைவிட மோசம். ஒரு அறைக்குள் மேலும் கீழுமாய் அடுக்குக் கட்டில், கட்டிலுக்குக் கட்டில் வெள்ளைக்காரப் பெடியள். ரூ பிலிப்-து-ஜிராரில் நான் வந்த புதிதில் கிடந்த அறையும் இப்படித்தான் இருந்தது. அதிலிருந்து வெளியில் வர நான் எவ்வளவு கோப்பை கழுவினேன்!

சிச்சென் இட்சா என்ற இடத்தில் அந்தப் பெரிய கோபுரத்தைப் பார்த்தேன். ஏற விடமாட்டார்கள், கயிறு கட்டியிருக்கிறது. சுத்திவரக் கடைகள். புலி உறுமுகிற மாதிரி ஒரு குழல் விற்கிறார்கள், திரும்பின பக்கமெல்லாம் அது உறுமுது. தலையிடி. பிறகு பூமிக்குள் இறங்கிப்போகிற ஒரு நீலத் தண்ணிக் குகை. அது எங்களுடைய யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறுதான். அதே சுண்ணாம்புக்கல்லு, ஆறில்லாத அதே மாதிரித் தட்டை நிலம், அதே வெயில். நிலாவரையைப் பார்க்க ரிக்கற் எடுத்து, நெஞ்சில் மிதவைச் சட்டையும் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ரவுணில் வீடு, தேவாலயம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் அடித்திருக்கிறது. மாயன் கோயிலை உடைத்து அந்தக் கல்லிலே தேவாலயம் கட்டினவர்களாம். பிள்ளை வாயைப் பிளந்தாள். எனக்கு அதில் என்ன புதினம்? போர்த்துக்கேயன் எங்களுக்குச் செய்ததும் அதுதானே.

எல்லாவற்றையும் பார்க்கப் பார்க்க எனக்கு உம்மில்தான் ஆத்திரம் வந்தது. நான் நின்ற இடமெல்லாம் நீர் நிற்கவேண்டிய இடம்.

கடற்கரைக்குப் போகிற வழியில்தான் அது நடந்தது. பஸ்ஸை மறித்து, துவக்கோடு குடிவரவு அதிகாரிகள் இரண்டு பேர் ஏறினார்கள். அந்தப் பக்கத்தால் கள்ளமாய் அமெரிக்கா போகிற எங்கட நிறத்து ஆக்கள் நிறையவாம். வெள்ளைக்காரப் பெடியளை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான் ஒருத்தன். பாஸ்போட் என்றான். எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. அந்தக் காலத்தில் என்னை எல்லை கடத்திவிட்ட ஏஜென்சிக்காரன் படிப்பித்த பாடம் தன்பாட்டில் வாயில் வந்தது.

"நோ பேப்பர்" என்றேன்.

இறங்கு என்றான். நானும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பிள்ளை பின்னால் ஓடி வந்தாள்.

"அப்பா! என்ன விசரே உங்களுக்கு? பேப்பர் இருக்கெல்லோ!"

"வாயை மூடு. காட்டினால் பறிச்சுப்போடுவாங்கள்."

"ஆர் பறிக்கிறது? எங்கை வைச்சிருக்கிறியள்?"

காற்சட்டைக்குள்ளே, நீர் தைத்துத் தந்த உள்பொக்கெற்றில். அதை அவ்வளவு சனத்துக்கு முன்னால் எப்படிச் சொல்லுகிறது? கடைசியில் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் எடுத்து வந்தேன். பஸ் முழுக்க யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. அதற்கிடையில் பிள்ளை ஸ்பானியத்தில் அந்த மனிசனை உலுப்பி எடுத்துவிட்டாள். துவக்கு வைத்திருக்கிறவனுக்கு முன்னால் இப்படிக் குரல் எழுப்பலாம் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

அவன் புத்தகத்தை விரித்து, ஒரு வரியில் விரலை வைத்து ஏதோ கேட்டான்.

"என்னவாம்?"

"எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் ஏன் போகேலாது எண்டு கேக்கிறான்."

பிள்ளைதான் சொன்னாள். என்ன சொன்னாளோ, அவன் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் எனக்குத் தந்தான்.

கடற்கரைக்கு வந்து மணலில் இருந்தேன். கரை முழுக்கச் சாதாளைப் பாசி ஒதுங்கி நாறிக்கொண்டு கிடந்தது. பிள்ளை பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அப்பா, அம்மா எனக்கு வேற சொன்னவ."

"என்ன வேற?"

"சொல்லக்கூடாதெண்டவ. 'கொப்பாவாலை போகேலாது, அது எனக்குத் தெரியும். ஆனா அவரைக் கேக்காமல் விட்டால் மனிசன் உடைஞ்சுபோயிடும். அவரிட்டைத்தான் நான் கேப்பன். செய்யிறது நீ' எண்டவ."

இஞ்சாரும், என்ன கதை இது? இவ்வளவு மாதமாய் நான் படியேறி இறங்கினது எதற்கு? தெரிந்துகொண்டு கேட்டீரோ? என்னை மரியாதையாய் வைத்திருந்தீராம். உம்மட மரியாதை ஆருக்கு வேணும்? போகேலாது, பிள்ளையை அனுப்புங்கோ என்று ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் அழுதிருப்பேன். அழுதுவிட்டு எழும்பியிருப்பேன்.

மெக்சிக்கோ ஆசையை எனக்குச் சொல்லாததும் இதற்காகத்தானோ? எனக்கு ஏலாது என்று நான் சொல்லவேண்டி வரும் என்றோ? இப்படி இன்னும் எத்தனையை எனக்கு முன்னால் விழுங்கினீர்? ஆரிட்டை நான் கேட்கிறது?

வந்த உடனே ஐயரிடம் போனேன். பெம்பிளைப் பிள்ளை என்று அவர் திரும்பவும் தொடங்கினார்.

"ஐயா, நீங்கள் மந்திரம் எப்பிடியெண்டு சொல்லிக் குடுங்கோ. ஆர் கரைக்கிறதெண்டதைக் கரையப்போறவ சொல்லிப்போட்டுப் போட்டா."

மனிசன் கீரிமலையில் தனக்குத் தெரிந்த ஒருவரின் நம்பரைத் தந்தார். சொந்தக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன்.

பிள்ளை அடுத்த மாதம் உம்மைக் கொண்டு போகிறாள். ரெலிபோனில் கடலைக் காட்டு, என்ன நடக்குதென்று சொல்லு என்று நான் அவளைக் கரைச்சல்படுத்த மாட்டேன். இது சத்தியம். உங்கள் இரண்டு பேருடைய பயணத்துக்குள் ஒருக்கால் நான் புகுந்துவிட்டேன். இதுக்குள் புகமாட்டேன். தாயும் மகளும் போங்கோ. எனக்குச் சொல்லாத கதையெல்லாம் கதைத்துக்கொண்டு போங்கோ.

ஆனால் இந்தக் கோபத்தை நான் கடலில் விட மாட்டேன். பத்திரமாய் வைத்திருந்து, உம்மிடம் வந்துதான் கொட்டுவேன். அப்போதாவது பதில் சொல்லும்.

உம்மட மனிசன்,
நிலானியின்ர அப்பா