தூதரகத்துக்குள் என் கடவுச்சீட்டை நானே பூட்டிவிட்ட புகார்

அனுப்புநர்:
பூட்டுக்காரர்,
சாவிக் கடை, பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்:
இயக்குநர்,
தூதரகக் கட்டடப் பிரிவு,
வெளியுறவு அமைச்சகம்.

பொருள்: மூடப்பட்ட அண்டை நாட்டுத் தூதரகத்தை அரை மணி நேரம் திறந்து, என் கடவுச்சீட்டை எடுத்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் உயிரோடு இருக்கிறாள். மனுவை இப்படித் தொடங்கக் கூடாதுதான். வேறு எப்படியும் எழுத வரவில்லை.

2. பன்னிரண்டு நாட்களுக்கு முன் அண்டை நாட்டு ராணுவம் சுட்டு வீழ்த்திய பயணிகள் விமானத்தில் அவள் இருந்தாள். அங்கே வேலை பார்ப்பவள், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒருவரும் பிழைக்கவில்லை என்றார்கள். மறுநாளே நம் அரசு அவர்களுடைய தூதரை வெளியேற்றியது. தூதரகத்துக்குப் பூட்டுப் போடத் தாங்கள் அழைத்தது என்னைத்தான்.

3. ஒரு பூட்டுப் போதும் என்றார் தங்கள் மேற்பார்வையாளர். இருந்த ஆத்திரத்தில் நான்கு போட்டேன். மகளோடு திரும்பிப் போய் ஒரு மாதம் தங்கலாமென்று விசாவுக்குக் கொடுத்த என் கடவுச்சீட்டு உள்ளேயே இருந்தது சுத்தமாக நினைவில்லை.

4. நேற்று மதியம் கடைக்குத் தொலைபேசி வந்தது. விமானம் சதுப்பில் விழுந்ததால் ஏழு பேர் பிழைத்தார்களாம்; அங்கே மருத்துவமனையில் வைத்திருந்ததை நேற்றுதான் வெளியே சொன்னார்களாம். "அப்பா, நான்தாம்பா. காலு மட்டும்தான் ஒடஞ்சிருக்கு, வாய் நல்லாத்தான் இருக்கு" என்றாள். சாவி வெட்டும் இயந்திரத்தில் இருந்த வாடிக்கையாளரின் சாவி பாழாய்ப்போனது. அவரும் என்னோடு சேர்ந்து குதித்தார்.

5. காயமடைந்தோரின் உறவினர் கடவுச்சீட்டை மட்டும் காட்டி எல்லையைக் கடக்கலாம் என்று அந்நாடு அறிவித்துள்ளது. அதுவும் நாளை, வெள்ளி மாலை ஆறு மணி வரைதான். புதிய கடவுச்சீட்டுக்குப் பத்து நாளாகும் என்கிறார் தங்கள் எழுத்தர். மகள் பிழைத்துவிட்டாள் என்றேன். "சந்தோஷம், படிவத்த நிரப்புங்க" என்றார். அவர்கள் சார்பில் அந்த மூடிய கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் மூன்றாம் நாட்டுத் தூதரகச் செயலரோ, "உங்க இயக்குநர் கையெழுத்துப் போட்டா நானே வந்து நிக்கிறேன்" என்றார்.

6. ஐயா, சாவி இல்லாமலே அந்தப் பூட்டுகளைத் திறக்க எனக்குத் தெரியும். நேற்று மாலை வாசல் வரை போனேன். திருட்டுத்தனமாகத் திறந்தால் அதையே சாக்காக வைத்து எல்லையை அடைத்துவிடுவார்கள். மற்ற ஆறு வீட்டாரும் போக முடியாது. திரும்பி வந்துவிட்டேன்.

எனவே தாங்கள் இன்றே கையெழுத்திட்டுக் கதவைத் திறக்க உத்தரவிட வேண்டுகிறேன். புகார் யார் மீது என்றால், என் மீதுதான்; நடவடிக்கையை நான் ஊர் திரும்பியதும் எடுத்துக்கொள்ளலாம். "நாளைக்கு வந்துடறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அந்த நாளை இன்றுதான்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பூட்டுக்காரர்

நாள்: வியாழன், காலை ஒன்பது மணி
இடம்: தங்கள் அறை வாசல், முதல் நாற்காலி